இழுத்த மூச்சும் ஊட்டிய மூச்சும்

ஓர் எந்திரம் தரும் ஆற்றலைப் பெட்ரோல்தான் தீர்மானிக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் தீர்மானிப்பது காற்று. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய அளவு தெளித்துவிடலாம். அதற்கு ஈடான காற்றைச் சிலிண்டருக்குள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. எனவே காரின் திறனைக் கூட்ட விரும்புகிற எவரும் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள்: எந்திரம் தன் மூச்சைத் தானே இழுக்கட்டுமா, அல்லது அழுத்தி ஊட்டுவோமா? நாங்கள் மூன்று நண்பர்கள் ஓராண்டு காலம் இக்கேள்வியோடு வாழ்ந்தோம். கவிதையும் கதையுமே பேசிப் பழகிய நண்பர்கள் இம்முறை பிஸ்டனையும் வால்வையும் பொறுத்தருள வேண்டும்.

கார் 2001ஆம் ஆண்டின் ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர் எந்திரம், 106 குதிரைத்திறன். எங்களில் ஒருவரின் தந்தை வாங்கியது. எங்கள் மூவருக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவரே. அவர் மறைந்தபின் கார் பெரும்பாலும் வீட்டு முகப்பிலேயே நின்றது. மருதமலைக்குப் போவதென்றால் மட்டும் அம்மா அதைத்தான் எடுக்கச் சொல்வார். விற்க எவருக்கும் மனமில்லை. அதற்கு மீண்டும் உயிரூட்ட வேண்டும், கூடவே செட்டிபாளையம் ஓடுதளத்தில் ஒருநாளாவது முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு. கோவையில் இது விசித்திரமான ஆசையன்று. மாருதி 800இன் எந்திரத்தைக்கொண்டு பந்தயக் கார் கட்டிய கரிவரதனின் ஊர் இது. 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். 2003இல் திறக்கப்பட்ட அந்த ஓடுதளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சேர்த்து வைத்திருந்த பணம் ஒரு வழிக்கு மட்டுமே போதுமானது.

எங்களில் ஒருவர் டர்போவின் பக்கம். அவருடைய வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. புகையாக வீணாகும் வெப்பத்தையும் விசையையும் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவது டர்போ. அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அரை பார் கூட்டினால், கணக்குப்படி ஒன்றரை மடங்கு காற்று. வெப்பத்தால் இழப்பதைக் கழித்தாலும் நூற்று நாற்பது குதிரைத்திறனுக்குக் குறையாது. மேலும், காற்று மெலிந்த மலையில்தான் இக்கருவியின் அருமை தெரியும். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. தானே மூச்சிழுக்கும் எந்திரமும் ஏறத்தாழ அந்த அளவுக்கு ஆற்றலை இழக்கும். இந்தக் குறையைத் தீர்க்கவே, உயரத்தில் பறக்கும் விமானங்களுக்காக, 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில் 14,000 அடிக்கு எந்திரத்தை ஏற்றி டர்போவைச் சோதித்தார்கள். உதகையிலிருந்து ஒருமுறையேனும் இறங்கி ஏறியவர்கள் இந்த வாதத்தின் எடையை அறிவார்கள்.

மறுபக்க வாதம் மெதுவானது. வால்வின் வாயிலைச் சீராக்குவது, உள்ளுறுப்புகளின் எடையைச் சமன்செய்வது, தேய்ந்தவற்றை மாற்றி எந்திரத்தைத் தன் முழு அளவுக்கு மூச்சிழுக்கச் செய்வது. கிடைக்கும் லாபம் பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறன் இருக்கலாம். அதுவும் ஆறாயிரம் சுற்றுகளைத் தாண்டிய பின்பே தெரியும். ஆனால் கால் மிதித்த கணமே எந்திரம் பதில் சொல்லும். டர்போவின் சக்கரம் சுழன்று எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தச் சண்டை எங்களோடு தொடங்கியதுமன்று. 1920களின் இறுதியில் இங்கிலாந்தில் பென்ட்லி நிறுவனத்துக்குள்ளேயே இது நடந்தது. பந்தய வீரர் டிம் பிர்கின் நான்கரை லிட்டர் எந்திரத்துக்கு சூப்பர்சார்ஜர் பூட்ட வேண்டும் என்றார். அதை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. ஆற்றல் வேண்டுமானால் எந்திரத்தைப் பெரிதாக்குவதே அவர் வழி. 110 குதிரைத்திறனை 175 ஆக்கியது சூப்பர்சார்ஜர். 1930இல் லே மான் இருபத்து நான்கு மணிநேரப் பந்தயத்தில் பிர்கின் ஜெர்மானியர்களின் மெர்சிடிஸை விரட்டோ விரட்டென்று விரட்டினார். மெர்சிடிஸ் பழுதாகி நின்றது. ஊட்டப்பட்ட பென்ட்லிகளும் பாதியில் நின்றன. முதலிரு இடங்களைப் பிடித்தவை சூப்பர்சார்ஜர் இல்லாத, ஆறரை லிட்டர் பென்ட்லிகள். ஆயினும் 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மணிக்கு 137.96 மைல் வேகத்தில் பிர்கின் சாதனை படைத்தது, பென்ட்லி ஏற்காத அதே சூப்பர்சார்ஜரோடுதான். ஒரு சுற்று வேண்டுமா, இருபத்து நான்கு மணி நேரம் வேண்டுமா என்பதைப் பொறுத்து இருவருமே சரி.

இதையே எங்கள் மெக்கானிக் அண்ணன் பென்ட்லியைப் பற்றி ஏதும் அறியாமலே சொன்னார். "காத்த ஊதி உள்ள உடறது பெரிய வேலையில்லீங் கண்ணு. ஊதுனத அது தாங்கோணும். எத்தன வருசத்துக்கு ஓடோணும்னு மொதல்ல சொல்லுங்க, எவ்வளவு வேகம்னு அப்பறம் பேசலாம்."

தாங்குதல் என்று அவர் சொன்னதன் பொருளை விளக்கியாக வேண்டும். ஊட்டுவதற்கென்று வடிவமைக்கப்படாத எந்திரம் காற்றை ஏற்கெனவே நன்கு இறுக்குவது. அதற்குமேல் அழுத்திய காற்றும் சேர்ந்தால், தீப்பொறி எழுப்பிய சுடர் பரவி முடியுமுன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும். நாக்கிங் என்பது அதுவே. பிஸ்டனை உடைப்பது பெரும்பாலும் அதுதான். தடுக்க வேண்டுமானால் பிஸ்டன், கனெக்டிங் ராடு, கேஸ்கெட், கிளட்ச் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். முடிவில் அந்தத் தந்தை ஓட்டிய எந்திரத்தில் வெளிக்கூடு மட்டுமே மிஞ்சும்.

இன்னொன்றும் இருந்தது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் விவரங்களோடு மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அத்தனையையும் மாற்றி டர்போ பூட்டினால் கார் ஓடுதளத்துக்கு மட்டுமே உரியதாகும். அதையும் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அம்மாவின் மருதமலைப் பயணம் அத்தோடு முடிந்துவிடும். மூவரும் ஒரு மாலை முழுக்க இதைப் பேசினோம். குரல்கள் உயர்ந்தன, டர்போ நண்பர் பத்து நாட்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. பதினோராம் நாள் அவரே வந்து, "அம்மா போகட்டும்" என்றார்.

கார் தன் மூச்சையே இழுக்கட்டும் என்று முடிவாயிற்று. தயாரிப்பாளரின் அளவுகளை மீறாமல் எந்திரத்தைப் பிரித்துச் சீராக்க எட்டு வாரங்கள் ஆயின. கூடியது எத்தனை குதிரைத்திறன் என்று நாங்கள் அளக்கவில்லை. செட்டிபாளையத்தில் எங்களைவிடப் புதிய கார்கள் நேர்ப்பாதையில் எளிதாகக் கடந்து சென்றன. வளைவுகளில், மிதித்த அளவே கொடுக்கும் அந்த எந்திரத்தோடு நாங்கள் ஒருவாறு சமாளித்தோம். மருதமலை ஏற்றத்தில் அம்மா பின்னிருக்கையில் இருந்தபடி, "சத்தம் மாறவே இல்ல" என்றார். அது புகழ்ச்சியா குறையா என்று நாங்கள் கேட்கவில்லை.

டர்போ நண்பர் இன்றும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளக் காரணமும் இல்லை. யாருடைய நினைவும் ஒட்டியிராத ஒரு பழைய காரை அவர் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்ததும் எங்கள் பங்குத் தொகையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.