அப்பாவின் முதுகும் பின் ஸ்பிரிங்கும்

எங்கட வீட்டு முற்றத்தில் நிற்கிற காரைப் பார்க்கிற ஆக்கள் எல்லாரும் முதலில் கேட்கிறது, "ஏன் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு?" எண்டுதான். 1969ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஜி.டி. ஓடாமல் கிடந்ததை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி ஓட வைத்தவர் அப்பா. நாங்கள் மூன்று பிள்ளைகளும் அதின்ர பின் சீற்றிலதான் வளர்ந்தோம். பின் சீற் எண்டது பெயருக்குத்தான். வளர்ந்த ஆள் இருந்தால் முழங்கால் நாடியில முட்டும்.

போன வருசம் சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை நாடா பிடித்து அளந்தோம். சாரதிப் பக்கம் மற்றப் பக்கத்தைவிட 4 சென்ரிமீற்றர் பணிவு. எப்பவும் ஆள் இருக்கிற பக்கம் அதுதானே, அந்தப் பக்கத்து ஸ்பிரிங் களைச்சுப் போச்சு.

இந்தக் காருக்குப் பின்னால் சுருள் ஸ்பிரிங் இல்லை. லொறிக்கு இருக்கிற மாதிரித் தகடு அடுக்கின லீஃப் ஸ்பிரிங். பாரம் தாங்கிறது மட்டும் அதின்ர வேலை இல்லை. பின் அச்சு முன்னுக்குப் பின் நகராமல் பிடிச்சு வைத்திருக்கிறதும் அந்தத் தகடுகள்தான். அதைப் பிழையாகத் தெரிவு செய்தால் உயரம் மட்டும் மாறாது, முழுக் காரின்ர குணமே மாறும். இது எங்களுக்குப் பிறகுதான் விளங்கினது.

ஒரு பட்டறையில், "ஒரு தகடு கூடப் போட்டால் நிமிர்ந்திடும் தம்பியவை" எண்டார்கள். உடனே சம்மதித்தோம். உண்மையைச் சொன்னால், விறைப்பான ஸ்பிரிங் எண்டால்தான் ஸ்போர்ட்ஸ் கார் எண்ட நினைப்பும் எங்களுக்கு இருந்தது. உயரம் நல்லா வந்தது. படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோம். அடுத்த ஞாயிறு அப்பாவையும் ஏற்றிக்கொண்டு சாவகச்சேரிக்கு வெளிக்கிட்டோம். அதுக்கு முதல் வருசம்தான் அவருக்கு முதுகில் ஒப்பரேசன் செய்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கார் துள்ளத் துள்ள அவர் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒண்டும் கதைக்காமல் இருந்தார். கைதடியில், "நிப்பாட்டுங்கோ, நான் பஸ்ஸில போறன். நீங்கள் போயிட்டு வாங்கோ" எண்டு இறங்கினவர். அதுக்குப் பிறகு ஐந்து மாதம் அந்தக் காரில் ஏறவே இல்லை. கோவமும் படேல்லை, ஏறேல்லை, அவ்வளவுதான்.

பிறகுதான் இருந்து படித்தோம். உயரம் வேற, விறைப்பு வேற. பழைய ஸ்பிரிங் பணிந்து போறது அதின்ர வளைவு குறைகிறதால. நாங்கள் செய்தது வளைவைத் திருத்தாமல் விறைப்பைக் கூட்டினது. தகட்டின் தடிப்பு 10 வீதம் கூடினாலே விறைப்பு ஏறத்தாழ 33 வீதம் கூடும் எண்டு கணக்குப் போட்டுப் பார்த்து வாயைப் பிளந்தோம். பழைய தகட்டைச் சூடாக்கி வளைக்கலாம்தான். ஆனால் பதம் திரும்ப ஒழுங்காக வைக்காவிட்டால் கொஞ்ச நாளில் மறுபடி படுத்துவிடும்.

மிஞ்சினது புதுசு. எம்.ஜி.பி. 1962இலிருந்து 1980 வரை 5 இலட்சத்துக்கு மேல் செய்த கார் எண்டபடியால் இங்கிலாந்தில் இப்பவும் உதிரிப்பாகம் கிடைக்குது. ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்திலேயே 350ஐத் தாண்டினதுக்குப் பிறகு, அங்கிருந்து இரும்பு எடுப்பிக்கிறது சின்னக் கதையில்லை. பிழையாக எடுத்தால் திருப்பி அனுப்பவும் ஏலாது.

தெரிவுக்கு நாலு வகை. கூரை திறக்கிற ரோட்ஸ்டரின் ஸ்பிரிங் ஜி.டி.க்குக் காணாது, ஜி.டி.யின் பின்பக்கம் பாரம் கூட. 1974 கடைசியில் வந்த ரப்பர் பம்பர் மொடலின் ஸ்பிரிங் போட்டால் கார் உயர்ந்து நிற்கும். பதிவான, விறைப்பான ஒண்டும் இருந்தது. எங்களில் மூத்தவன் கடைசி மட்டும் அதுதான் வேணும் எண்டு நிண்டவன். "அப்ப அப்பா?" எண்டு இளையவள் கேட்டதோட அந்தக் கதை முடிஞ்சுது. கம்பனி அளவில் செய்த குரோம் பம்பர் ஜி.டி. ஸ்பிரிங் ஒரு சோடி, புது புஷ், யூ போல்ட் எல்லாம் சேர்த்துக் கப்பலில் எடுத்தோம். ஒரு பக்கத்துக்கு மட்டும் எடுத்துக் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதேங்கோ, பழையதும் புதுசும் ஒருநாளும் சமனாக நிற்காது.

பூட்டேக்க ஒரு விசயம். கார் ஜாக்கியில் தொங்கேக்க புஷ் போல்ட்டை இறுக்கக் கூடாது. சில்லு நிலத்தில் நிண்டு பாரம் விழுந்த பிறகுதான் இறுக்கவேணும். இல்லாட்டில் ரப்பர் முறுகினபடியே நிண்டு கெதியாக் கிழியும்.

முதல் கிழமை கொஞ்சம் உயரமாகத்தான் நிண்டது, பிறகு மெதுவாக இருந்துகொண்டது. ஒரு பின்னேரம் அப்பா தானாகவே வந்து முன் சீற்றில் ஏறினார். நாவற்குழிப் பாலம் தாண்டி, கைதடி தாண்டி, சாவகச்சேரிச் சந்தை மட்டும் போனோம். கதவுப் பிடியில் கை வைக்கவே இல்லை. திரும்பி வந்து இறங்கேக்க, "டாம்பருக்கு எண்ணெய் விட்டனீங்களோ? பின்னுக்கு ரெண்டுதரம் ஆடுது" எண்டார்.

விடேல்லை. அடுத்த நாள் காலமை விட்டோம்.