மலை ஏறாத எரு

சாப்பிட்டுக் கொண்டே பத்திரிகை படிக்கும் வழக்கமுள்ளவர்கள் கை கழுவிவிட்டு வந்து இதைப் படிப்பது நல்லது. நான் எழுதப் போவது சாக்கடையைப் பற்றி. இன்னும் திட்டமாகச் சொன்னால், சாக்கடை நீரைச் சுத்தம் செய்த பிறகு அடியில் தங்குகிறதே, அந்தக் கசடைப் பற்றி.

இந்த விஷயத்தில் எனக்குக் குரு, வடிகால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சிநேகிதர். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இதையேதான் பேசுவார். பக்கத்து இலைக்காரர் எழுந்து போன பிறகும் நிறுத்த மாட்டார்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது, இந்தக் கதை நம் பக்கத்துக்கு எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது என்று. 1914-ல் மான்செஸ்டர் நகரத்தில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர், சாக்கடை நீரில் காற்றைச் செலுத்திக் கொண்டே இருந்தால் நுண்கிருமிகள் பெருகி அழுக்கைத் தின்று தீர்த்துக் கசடாகப் படிகின்றன என்று காட்டினார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் இரண்டே வருஷத்தில், 1916-ல், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். மண்ணிலிருந்து எடுத்த தழைச்சத்தை மண்ணுக்கே திருப்ப வேண்டும் என்பதில் அவருக்கு ஒரே பிடிவாதம். அதே பெங்களூரில் 1939-ல் ஆசார்யா என்ற விஞ்ஞானி, ஊர்க் குப்பையையும் மலத்தையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு எருவாக்கும் முறையை வகுத்தார். 'பெங்களூர் முறை' என்று இன்றைக்கும் விவசாயப் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

அமெரிக்கர்கள் கெட்டிக்கார வியாபாரிகள். மில்வாக்கி நகரத்தார் 1926-லிருந்து தங்கள் ஊர்க் கசடைச் சூடேற்றி உலர்த்தி, 'மில்ஆர்கனைட்' என்று நாமகரணம் செய்து, மூட்டை கட்டி விற்கிறார்கள்!

ஆனால் கீரைப் பாத்தியில் இதைக் கொட்ட யோசிக்க வேண்டும். நாக்குப்பூச்சியின் முட்டை கசடில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். தொழிற்சாலைத் தண்ணீர் கலக்கும் ஊரானால் குரோமியமும் காட்மியமும் சேர்ந்து வரும். எந்த வெயிலும் அவற்றைப் போக்காது. ஆகவேதான் மரத்துக்குப் போடலாம் என்கிறார்கள். மரத்தை யாரும் கூட்டு வைத்துச் சாப்பிடுவதில்லை. தவிர, கசடு தன் சத்தை மெள்ள மெள்ளத்தான் விடும். மரத்துக்கும் அவசரம் கிடையாது. 1970-களில் வாஷிங்டன் மாகாணத்துச் சர்வகலாசாலையார் தங்கள் ஆராய்ச்சிக் காட்டில் போட்டுப் பார்த்தார்கள். மரங்கள் நன்றாகவே பருத்தன.

என் சிநேகிதர் இவ்வளவையும் சுமந்து கொண்டுதான் என்னோடு கொல்லிமலை ஏறினார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேச்சு ஓயவில்லை. மேலே காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பலாவும் அன்னாசியும் ஏற்றிக் கொண்டு கீழே போகிற லாரி, திரும்பும்போது நாமக்கல் கசடை ஏற்றி வந்தால் என்ன? இதுதான் அவர் யோசனை.

செம்மேட்டுக்கு அப்பால் ஒரு மலையாளிப் பெரியவரின் தோட்டத்துத் திண்ணையில் உட்கார்ந்து அதை விஸ்தாரமாக எடுத்துச் சொன்னார். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மரத்தைச் சுட்டிக் காட்டி, "மரத்தை நாம திங்கல, சரி. அது மேல ஏறியிருக்கிற மிளகை என்னங்க செய்யறது, சாமி?" என்றார்.

சிநேகிதர் அண்ணாந்து பார்த்தார். மரத்துக்கு மரம் மிளகுக் கொடி.

"உதிர்ந்ததை மண்ணிலிருந்துதான் பொறுக்கறோம். அப்புறம் இது சரிவு. ஐப்பசி மழை ஒண்ணு போதும், நீங்க போட்டதெல்லாம் அய்யாத்துல இறங்கி ஆகாய கங்கையில விழும். அங்கே குளிக்கிற சனங்களுக்கு என்ன சொல்லட்டும்? கீழே புளியஞ்சோலைக்காரனுக்கு என்ன சொல்லட்டும்?"

சிநேகிதர் பதில் பேசாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. திரும்பும்போது அவரே ஒப்புக் கொண்டார்: நீரோடைக்கு அருகிலும் செங்குத்தான சரிவிலும் கூடாது என்றுதான் பல இடங்களில் விதிகள் சொல்லுகின்றனவாம். மெயின் மாகாணத்தில் 2022-ல் நிலத்தில் போடுவதையே தடுத்துவிட்டார்கள். ஒட்டாத தோசைக்கல்லுக்குப் பூசுகிற ரசாயன வகையறா கசடு வழியாக மண்ணுக்கும் கிணற்றுக்கும் போய்விட்டதாம்.

ஆனால் பெரியவர் கடைசியாகக் கேட்ட கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. "அதை லாரியில அள்ளிப் போடறது யாருங்க? இறக்கறது யாரு?"

மனிதக் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. காய்ந்து பொடியான கசடு அதில் சேராது என்று வக்கீல்கள் வாதாடலாம். மண்வெட்டியைப் பிடிக்க எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஃபவுலரும் ஆசார்யாவும் கசடைப் பற்றி யோசித்த அளவுக்கு, அதைத் தொடுகிறவனைப் பற்றி நாம் யோசித்திருக்கிறோமா?

பஸ் காரவள்ளிக்கு இறங்கியதும் சிநேகிதர் ஜன்னல் வழியே ஒரு பொட்டல் காட்டைக் காட்டினார். "சமதரை. பக்கத்தில் ஓடை இல்லை. சவுக்கு வைக்கலாம்" என்றார். சற்றுப் பொறுத்து, "அள்ளிப் போட ஒரு மெஷின் என்ன விலை ஆகும், ஐயா?" என்று என்னைக் கேட்டார்.