மயிலாப்பூருக்கு வந்த மண்பானை

2023 ஜூனில் புதுச்சேரி வீட்டைக் காலி செய்தபோது எங்கள் வீட்டில் நடந்த ஒரே சண்டை ஒரு மண்பானையைப் பற்றியது. "அம்மா, அங்கே ஃப்ரிட்ஜ் இருக்கு, ஆர்.ஓ. இருக்கு. பானையை எங்கே வைக்கறது?" என்றான் மகன். என் மனைவி பதில் பேசவில்லை. லாரியில் ஏற்றினால் உடைந்துவிடும் என்று காரில் மடியிலேயே வைத்துக்கொண்டு, ஈ.சி.ஆர். வழியாக நூற்றைம்பது கிலோமீட்டர் வந்துசேர்ந்தாள்.

வந்த காரணம் அவளுடைய முழங்கால்தான். எங்களுடையது திண்ணை, முற்றம் வைத்த பழைய வீடு. கழிவறை கொல்லையில். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தப் படிகளை அவளால் ஏறி இறங்க முடியவில்லை. மகனுக்கு வேலை ஓ.எம்.ஆர். பக்கம். அம்மாவுக்குக் கோயில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மயிலாப்பூரில் மூன்றாம் மாடியில் ஒரு ஃப்ளாட் பார்த்தான். மொத்தம் பன்னிரண்டு வீடு. லிஃப்ட் உண்டு.

ஊரில் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் ஒன்பது மணிவரை கதவைச் சாத்த மாட்டோம். இங்கே வந்த முதல் வாரம் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் மூச்சு வாங்க மேலே வந்து, "ஐயா, கதவு திறந்திருக்கே, ஏதாச்சும் பிரச்சினையா?" என்றார். அன்றிலிருந்து சாத்திவிட்டேன். ஆறு மாதத்தில் அண்டை வீட்டுக்காரர்களின் பெயரை, கீழே தபால் பெட்டிகளில் ஒட்டியிருந்ததைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எதிர் ஃப்ளாட் மாமி லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார். அவ்வளவுதான்.

வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் நடப்பேன். காலையில் நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் கண்ட நாகேஸ்வர ராவ் பெயரில் உள்ளது. அங்கிருந்து மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து லஸ். லஸ் என்றால் போர்த்துக்கீசிய மொழியில் ஒளி. பாண்டி பஜார் என்ற பெயரைக் கேட்டு முதலில் எங்கள் ஊர்தான் என்று மகிழ்ந்தேன். அது சௌந்தரபாண்டியன் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் சாந்தோம் என்னை ஏமாற்றவில்லை. 1672-ல் தெ லா ஏ என்ற பிரெஞ்சுத் தளபதி சாந்தோமைப் பிடித்தார். கோல்கொண்டாக்காரர்களும் டச்சுக்காரர்களும் முற்றுகை போட்டதில் 1674-ல் அது கைவிட்டுப் போனது. அந்த வருடம்தான் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரிக்குப் போய், அந்த ஊரை வளர்க்கத் தொடங்கினார். பள்ளியில் மனப்பாடம் செய்த பாடம். அவர் இங்கிருந்து அங்கே போனார், நான் அங்கிருந்து இங்கே வந்தேன் என்று கடற்கரையில் நின்று நினைத்துக்கொள்வேன். சொல்லிச் சிரிக்கத்தான் ஆள் இல்லை.

பிரெஞ்சு எனக்குச் சோறு போட்ட மொழி இல்லை. ஊர் இந்தியாவோடு சேர்ந்தது 1954 நவம்பர் 1. மறு வருடம் பள்ளியில் சேர்ந்தேன். இருந்தும் அப்பா பிரெஞ்சு மீடியத்தில்தான் போட்டார். பிள்ளை பிரான்சுக்குப் போவான் என்று கனவு. போகவில்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது கோப்பெல்லாம் ஆங்கிலம். அகராதியை டிராயரில் ஒளித்து வைத்து நோட் எழுதக் கற்றேன். கூட இருந்தவர்கள் "முசே" என்று கேலி செய்வார்கள்.

டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல். விடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். லிஃப்ட் நின்றது, மோட்டார் ஓடவில்லை, மாடித் தொட்டியும் காலி. சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். எதிர் ஃப்ளாட் மாமி, கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு.

"சார், உங்காத்துல ஐஸ் ஏதாவது மிச்சம் இருக்கா? எங்காத்து மாமாவோட இன்சுலின். ஃப்ரிட்ஜ் சூடாயிடுத்து."

எங்கள் ஃப்ரிட்ஜும் அதே கதிதான். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பானையிடம் போனாள். டப்பாவைப் பையில் இறுகக் கட்டி, சின்னச் சொம்பில் வைத்து, பானைத் தண்ணீரில் மிதக்க விட்டு, ஈரத்துணியால் வாயை மூடினாள். கரண்ட் வர இரண்டு நாள் ஆனது. அதுவரை எங்கள் கதவைச் சாத்தவில்லை. மாமிக்கு எந்த நேரத்தில் மருந்து தேவைப்படுமோ. (பிரித்த இன்சுலின் அந்தக் குளிரில் நாலு வாரம் வெளியிலேயே தாங்கும் என்று பிறகு மருந்துக் கடைக்காரர் சொன்னார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.)

மறுநாள் பின்பக்கக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தார்கள். இளைஞர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினார்கள். வீட்டுக்கு இரண்டு வாளி. எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். குமாஸ்தாவுக்கு வேறென்ன கொடுப்பார்கள்? எனக்கு இன்றும் எண்ணிக்கை பிரெஞ்சில்தான் வரும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்து ஏழில் "செத்" என்றேன். கீழ்ப்படியில் நின்றவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவருக்கு மேல்படியில் நின்ற மாமியின் பேத்தி, "தாத்தா, ஃப்ரெஞ்ச் தெரியுமா?" என்று கத்தினாள்.

பிளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டாம் மொழி பிரெஞ்சு. நிறைய மார்க் வருமாம்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் வருகிறாள். முதல் நாள் 'போக்கூ' என்பதை 'பியூகூப்' என்று படித்தாள். கடைசி எழுத்தை விழுங்க வேண்டும் என்றேன். எங்கள் ஊரில் சமையலறையைக் 'குசினி' என்பார்கள் என்றதும், "எங்க புக்ல க்யூசின் இருக்கே!" என்று துள்ளினாள். அது 'க்யுசீன்' என்றேன். ஆர் எழுத்தைத் தொண்டையிலிருந்து எப்படிக் கொண்டுவருவது என்று நான் ஆரம்பித்தபோது மட்டும் நிறுத்திவிட்டாள்.

"தாத்தா, எக்ஸாம்ல பேசச் சொல்ல மாட்டா. எழுதினாப் போறும்."

சரி என்று வினைச்சொல் அட்டவணைக்குப் போனோம். என் மனைவி பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். போகும்போது வாசலில் நின்று "ஓ ரெவுவார்" என்றாள். ஆர் இன்னும் நாக்கு நுனியில்தான் இருக்கிறது. பரீட்சைக்குள் கொண்டுவந்துவிடலாம்.