முதல் பதினைந்து நிமிடங்கள்

மெல்லிய படலங்கள் செய்வோரிடையே ‘டார்கெட்’ என்றொரு சொல் புழங்குகிறது. ‘இலக்கு’ என்று பெயர்த்தால் அகராதிக்குச் சரி, பொருளுக்குச் சரியன்று. இலக்கு நாம் சென்று சேர வேண்டிய இடம். இதுவோ அடிபடுவதற்கென்றே வைக்கப்பட்ட உலோகத் தகடு. அதிலிருந்து புறப்பட்டு வருவதுதான் நமக்கு வேண்டும். அடிபட்டு அணு அணுவாக உதிரும் அந்நிகழ்வுக்கு ஸ்பட்டரிங் என்று பெயர். அதைத் ‘தெறிப்பு’ என்று சொல்லிப் பழகிவிட்டேன். தகட்டுக்குத்தான் மனத்துக்கு உகந்த சொல் இன்னும் அகப்படவில்லை.

சில ஆண்டுகள் இத்தகடுகளோடு என் பொழுது கழிந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தவற்றுள் முக்கியமானது, நிக்கலும் குரோமியமும் எடையில் 80க்கு 20 என்ற விகிதத்தில் கலந்த ஒன்று. இரண்டு அங்குல விட்டம், மூன்று மில்லிமீட்டர் தடிமன், உள்ளங்கையில் அடங்கிவிடும். வெப்பநிலை மாறினாலும் இக்கலவையின் மின்தடை அதிகம் மாறாது. ஆகவே துல்லியமான மின்தடைகள் செய்ய உகந்தது. வெளிநாட்டிலிருந்து அது வந்து சேர மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

வெற்றிடக் கலத்திலிருந்து காற்றை உறிஞ்சியெடுத்துவிட்டு, வளிமண்டல அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஆர்கான் வாயுவை உள்ளே விடுவோம். தகட்டுக்குச் சில நூறு வோல்ட் எதிர்மின்னழுத்தம். ஊதா ஒளி மலரும். ஆர்கான் அயனிகள் தகட்டின்மேல் மோதும். கேரம் பலகையின் நடுவில் குவிந்த காய்களை அடித்துக் கலைக்கும்போது, ஒன்றையொன்று இடித்து ஏதோ ஒரு காய் அடித்தவன் பக்கமே திரும்பி வருமல்லவா? அணுக்களும் அப்படித்தான் தகட்டைவிட்டு வெளியேறி எதிரேயுள்ள கண்ணாடியில் படிகின்றன. 1852இல் இதைக் கவனித்து எழுதியவர் வில்லியம் க்ரோவ். தொழிலால் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. அவருக்குப் பின்னும் நெடுங்காலம், மின்னிறக்கக் குழாய்களின் கண்ணாடியைக் கறுப்பாக்கும் தொல்லை என்றே இதைப் பலரும் கருதினர்.

கலப்புலோகத்தில்தான் விஷயம் சுவையாகிறது. நிக்கல்-குரோமியத்தை உருக்கி ஆவியாக்கினால் குரோமியம் முந்திக்கொள்ளும். படலத்தின் அடியில் ஒரு விகிதம், மேலே வேறு. தெறிப்பிலும் தனிமங்கள் சமமாகக் கிளம்புவதில்லை. 500 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் வரும் ஓர் ஆர்கான் அயனி, சராசரியாகச் செம்பிலிருந்து இரண்டு அணுக்களுக்கு மேல் உதிர்க்கும். டைட்டானியத்திலிருந்து ஏறக்குறைய அரை அணுதான். கலவையில் எளிதில் கிளம்பும் தனிமம் முதலில் போய்விடுகிறது. மேற்பரப்பில் அது குறைந்து, தயங்கி நிற்பது மிகுகிறது. மிகுந்ததனாலேயே, தயங்கினாலும் அது முன்னைவிட அதிகமாக உதிரத் தொடங்குகிறது. சிறிது நேரத்தில் இரண்டும் ஈடுகட்டிக்கொண்டு, தகட்டின் உள்ளே இருக்கும் அதே விகிதத்தில் வெளியேறுகின்றன. உருகிய குழம்பில் இது நடவாது. அங்கே இழந்ததை நிரப்ப உள்ளிருந்து அணுக்கள் வந்துகொண்டே இருக்கும். பின்புறம் நீரோட்டத்தால் குளிர்விக்கப்படும் திண்மத் தகட்டில் அவை நகர முடியாது. மேற்பரப்பு திரிந்ததனால்தான் வெளியேறும் விகிதம் நேராகிறது. இதைப் பாடப்புத்தகத்தில் ஒரே பத்தியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைக் கடந்துபோகப் பல நாட்கள் ஆயின.

புறப்பட்ட விகிதத்திலேயே எல்லாம் போய்ச் சேரும் என்பதில்லை. டைட்டானியம்-டங்ஸ்டன் கலவையில் எடை குறைந்த டைட்டானியம் வழியில் சிதறியும், படிந்த பின் மறுபடி அடிபட்டும் குறைந்துபோகும்.

விகிதத்தில் ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். மின்சில்லுகளுக்குள் ஓடும் அலுமினியக் கம்பித்தடங்களில், எலக்ட்ரான்களின் ஓட்டமே அணுக்களை இழுத்துச் சென்று தடத்தை அறுத்துவிடும். சிறிது செம்பு கலந்தால் அவற்றின் ஆயுள் பன்மடங்கு நீள்கிறது என்பதை ஐபிஎம் ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்டனர். பின்னர் நூற்றுக்கு அரைப்பங்கு செம்பு என்பது வழக்கமாயிற்று. அந்த அரைப்பங்கு படலத்திலும் அப்படியே வந்து சேர்ந்தாக வேண்டும்.

எங்கள் கூடத்தில் சச்சரவு எழுந்ததும் இதையொட்டியே. தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஷட்டரை மூடிவைத்து, முதல் பதினைந்து நிமிடம் தெறிப்பதை வீணாக விடுவது வழக்கம். நிதி குறைந்த ஓர் ஆண்டில், இது ஊதாரித்தனம், இரண்டு நிமிடம் போதும் என்று மேலிடத்திலிருந்து குறிப்பு வந்தது. எங்களுக்கு வேண்டிய 30 நானோமீட்டர் படலம் படிய இரண்டே நிமிடம்தான் ஆகும். இரண்டு நிமிடப் பயனுக்குப் பதினைந்து நிமிடச் செலவா என்ற கேள்வி காகிதத்தில் நியாயமானதே.

ஆய்வக உதவியாளர் மட்டும் முணுமுணுத்தார். பட்டம் பெறாதவர், அந்த எந்திரத்தோடு இருபதாண்டு வாழ்ந்தவர். “தம்பி, முதல்ல வர்றது தகடு இல்ல, தகட்டு மேல இருக்குற அழுக்கு. அத வெச்சு என்னத்த அளப்பீங்க?”

விகிதம் சீராகச் சில நானோமீட்டர் தேய்ந்தால் போதும். அதற்குப் பதினைந்து நிமிடம் தேவையில்லை. அவர் சொன்னது வேறு. கலத்தைத் திறக்கும்போதெல்லாம் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. கலத்தின் சுவர்களில் ஈரம் ஒட்டுகிறது. இரண்டு நிமிடத்தில் முடியும் படலத்துக்கு அந்தத் தொடக்கமே முழு வாழ்வும்.

என்னோடு ஆய்வு செய்த நண்பர் குறிப்பின்படி நடந்தார். நடக்கவேண்டிய நிலை அவருக்கு. நான்கு மாதம் ஒரே மின்னோட்டம், ஒரே நேரம், ஆனால் படலத்துக்குப் படலம் வேறு மின்தடை. மார்ச்சில் அவருக்கு உதவித்தொகை முடிகிறது. அவரது கைத்திறன் போதாது என்று பேச்சு எழுந்தது. அப்போதுதான் உதவியாளர் தம் நாட்குறிப்பேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு நாளும் கலம் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, அன்று மழையா வெயிலா என்று அதில் எழுதி வைத்திருந்தார். நண்பரின் அளவுகளை அருகே எழுதிப் பார்த்தோம். அதிக நேரம் திறந்திருந்த மழைநாள்களில்தான் எண்கள் எகிறியிருந்தன.

பதினைந்து நிமிடம் திரும்ப வந்தது. சுழலும் தட்டொன்றில் ஆறு கண்ணாடிகளைப் பொருத்தி, ஒரே முன்தெறிப்பில் ஆறு படலங்களையும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் உதவியாளரே செய்தார். மேலிடமும் சமாதானமாயிற்று. நண்பர் ஆய்வேட்டை ஓராண்டு பிந்திச் சமர்ப்பித்தார். உதவித்தொகை இல்லாத ஓராண்டு. மேலிடத்திலிருந்து யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பின்னாலுள்ள காந்தங்களின் அமைப்பால் தகடு சீராகத் தேய்வதில்லை. வட்டமாக ஒரு பள்ளம் விழும். அடியில் அரை மில்லிமீட்டர் எஞ்சியபோது உதவியாளர் அதைக் கழற்றினார். எடை போட்டால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அப்படியே இருந்தது. இருப்புப் பதிவேட்டில் இதைத் தீர்ந்தது என்று எழுதுவதா, மிச்சம் என்று எழுதுவதா என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

“ரெண்டும்தான்” என்றார் அவர்.