தப்பா அமுத்துனா நல்ல படம்

பக்கத்து வீட்டுக் குழந்தை நாலாவது படிக்கிறாள். ஆன்லைன் ஆங்கில வகுப்பில் சேர்க்க வேண்டுமானால் முதலில் அவள் 'லெவல்' என்னவென்று பார்க்க வேண்டுமாம். அவள் அப்பா போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். நான் திண்ணையில் சும்மா இருந்தேன்.

இந்த மாதிரித் தேர்வுகளில் பல, பிள்ளைக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டே போகும். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினம். தப்பென்றால் கொஞ்சம் சுலபம். இப்படி ஏற்றி இறக்கி, பிள்ளை எங்கே நிலைகொள்கிறதோ அதுதான் அதன் லெவல். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் ஆள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். "தாத்தா, தப்பா அமுத்துனா நல்ல நல்ல படமா வருதுங்." சரியான விடை சொல்லச் சொல்லப் படமில்லாத வெறும் வாக்கியங்கள், தப்பாகச் சொன்னால் ஆட்டுக்குட்டி, பலூன். எந்தப் பிள்ளை பலூனை விடும்?

நடுவில் ஒரு கையுறைப் படம் வந்தது. இதை எப்போது போடுவாய்? விளையாடும்போது என்று தொட்டாள். தப்பு. குளிரும்போதாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் வளர்கிறவளுக்குக் கையுறை என்றால் விக்கெட் கீப்பர் போடுவது. அதைக் கேட்டுக்கொள்ள அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

கடைசியில் 'ப்ரீ ஏ1' என்று வந்தது. ஐரோப்பியக் கவுன்சில் 2001இல் மொழித் திறனுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படி வகுத்தது. முதல் படிக்கும் கீழே ஒரு படி பிறகு தேவைப்பட்டது. அங்கேதான் இவளை உட்கார வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாடு, கேரள எல்லையிலுள்ள எங்கள் கோபாலபுரத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், கடைப் பலகையில் மலையாளம், பள்ளியில் கேரள அரசு அச்சடித்த தமிழ்ப் பாடப்புத்தகம். இரண்டு மாநிலப் பஸ் போர்டையும் நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் வாசித்துவிடுவாள். செக்போஸ்ட் புண்ணியத்தில் பெர்மிட், ஓவர்லோட், டிரிப் ஷீட் எல்லாம் தெரியும். மண்டியில் மூட்டையின் ஒரு மூலையில் குத்தூசியை விட்டு உள்ளங்கையளவு எடுத்துப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்திருக்கிறது அந்தத் தேர்வு. குத்திய மூலையில் கையுறை இருந்தது.

பெரியவர்களுக்கான பரீட்சை மட்டும் என்ன வாழ்ந்தது? கேம்பிரிட்ஜ் தன் முதல் ஆங்கிலத் தகுதித் தேர்வை 1913இல் நடத்தியது. எழுதியவர்கள் 3 பேர், தேர்வு 12 மணி நேரம், மூவரும் தோல்வி. அதே கேம்பிரிட்ஜ் 1997 முதல் சிறுவர்களுக்கு நடத்தும் தேர்வில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து கேடயம் வரை உண்டு. புத்தி வர எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆள் பார்த்து இடம் போடுவது என்றால் எனக்கு நினைவு வருவது உ.வே.சாமிநாதையர்தான். 1871இல் அவருடைய தகப்பனார் அவரை மாயூரத்துக்கு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அழைத்துப் போனார். பிள்ளை என்னென்ன படித்திருக்கிறாய் என்று விசாரித்துவிட்டு, நைடத காவியத்திலிருந்து ஒரு பாட்டுச் சொல்லச் சொன்னார். பையன் சொன்னான், பொருளும் சொன்னான். தேர்வு முடிந்தது. ஆனால் போட்ட இடம் பையனுக்குப் பிடிக்கவில்லை. சவேரிநாத பிள்ளை என்ற மூத்த மாணவரிடம் நைடதம் படிக்கும்படி ஏற்பாடாயிற்று. மகாவித்துவானிடமே பாடம் கேட்கலாம் என்று வந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஐயரின் சுயசரிதையான 'என் சரித்திர'த்தில் அடுத்து வருவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். மகாவித்துவான் தம் வீட்டுப் பின்புறத்தில் வளர்ந்த மரங்களைக் கொண்டுவந்து நட்டிருந்தார். காலையில் எழுந்ததும் எதிலாவது தளிர் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பையன் இதைக் கவனித்தான். அவருக்கு முன்னால் எழுந்து போய்த் தேடி வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் இதோ இங்கே ஒன்று, அதோ அங்கே ஒன்று என்று காட்டினான். அவர் முகம் மலர்ந்தது. சில நாளில் இதே பழக்கமாகி அன்பும் கூடியபோது, தங்களிடமே பாடம் கேட்க வேண்டும் என்று மெல்லக் கேட்டுவிட்டான். அவரும் இசைந்தார். அந்த அத்தியாயத்துக்குத் 'தளிர் ஆராய்ச்சி' என்றே பெயர் வைத்திருக்கிறார் கிழவர். நைடதத்தில் எத்தனை பாட்டுக் கேட்டிருந்தாலும் பிள்ளைக்குத் தெரிந்திருக்காத ஒன்று அந்த மரத்தடியில் தெரிந்தது: இவன் விடமாட்டான்.

எதிரே உட்கார்ந்து பார்க்கிற சோதனை இப்போதும் ஒழியவில்லை. 2005 முதல் நடக்கும் 'அசர்' ஆய்வில் தொண்டர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய், ஒரு தாளை நீட்டிப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறார்கள். 2016இல் அதில் நாடு முழுக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 24.5 சதவீதம்தான் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசித்தார்கள். கசப்பான கணக்குதான். ஆனாலும் அங்கே, கையுறை எதற்கென்று பிள்ளை சொன்னால் கேட்க ஒரு காதாவது இருக்கும்.

சாயங்காலம் அவள் அப்பா வந்து முடிவைப் பார்த்தார். கீழ்ப்படி என்றால் படிக்க வேண்டிய நிலை அதிகம். நிலை அதிகம் என்றால் மாதம் அதிகம். மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். தேர்வு மட்டும் இலவசம். அவர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தபோது, குழந்தை பலூனுக்காகச் செய்ததைச் சொன்னேன். மனுஷன் சிரிக்கக்கூட இல்லை. "அப்படின்னா மறுபடியும் எழுத வைக்கலாமுங்களா?" என்று கேட்டார்.