மாரிக்கு எத்தனை யுனிட்?

"மாரியில வெயில் எங்க கிடக்கு அண்ணன்? காசை மழையில கொட்டுற வேலையெல்லோ?"

கட்டைபறிச்சானில் தனித்திருக்கும் பெரியம்மாவின் வீட்டுக் கூரைக்கு சோலர் பூட்டலாமா என்று ரொறன்ரோவிலிருந்து அவருடைய மகன் கேட்ட கேள்வி இது. நியாயமான அச்சம்தான். ஆனால் அஞ்சவேண்டிய இடம் முகில் அன்று.

மூதூருக்கும் சம்பூருக்கும் இடைப்பட்ட அவ்வூரில், ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மே முதல் செப்ரெம்பர் வரை கச்சானும் வெயிலும்தான். ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 4 யுனிட் தரும். வானம் இருண்ட நாளில் அரை யுனிட், முக்கால் யுனிட் தேறும். முகிலினூடே சிதறிவரும் ஒளியும் மின்சாரமாவதால் முற்றாக நின்றுபோவதில்லை. முகில் மிகுந்த ஜேர்மனியில் இலட்சக்கணக்கான கூரைகளில் தகடுகள் இருப்பது இதனால்தான். மழைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: கச்சான் அள்ளிக்கொட்டிய தூசையும் கடற்காற்றின் உப்பையும் கூலி கேளாமல் கழுவிவிடும்!

நெட் மீட்டரிங் முறையில், கோடையில் மிஞ்சிய யுனிட்டுகள் வரவில் நின்று மாரியில் கழியும். விளைந்த நெல்லை வீட்டில் சேர்த்துவைத்து உண்டவர்களுக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை. எனவே ஆண்டுக் கணக்கில் நட்டமில்லை.

ஆனால் வரவில் நிற்கும் யுனிட் புயலிரவில் விளக்கேற்றாது. கம்பியில் மின்சாரம் நின்றதும், சாதாரண இன்வேர்ட்டர் தானும் நின்றுவிடும். அறுந்த கம்பியைத் திருத்துபவரை நம் கூரை மின்சாரம் கொன்றுவிடக் கூடாதென்பதற்கான ஏற்பாடு அது. பட்டப்பகலில் கூரையில் தகடும் வீட்டினுள் இருளுமாக இருக்கவேண்டிவரும். கிழக்கில் கம்பிகள் பெரும்பாலும் அறுவது மாரியில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மூதூர்ப் பகுதியை வெள்ளம் சூழ்ந்ததை மறந்துவிடவில்லை.

விந்தை என்னவெனில், அதே 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையின்போது, மின்தேவை குறைந்து வெயில் மிகுந்ததால், கூரைச் சோலர்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டியது. பக்கத்துச் சம்பூரில், எதிர்ப்புகளுக்குப் பின் 2016 இல் நிலக்கரி மின்நிலையத் திட்டம் கைவிடப்பட்டு, 2025 இல் 120 மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். வெயிலைப் பிடிக்கக் கற்றுக்கொண்டோம். சேமிக்கத்தான் கைவரவில்லை.

பெரியம்மாவுக்கு மாரியில் வேண்டியது அதிகமில்லை. இரண்டு விளக்கு, தொலைபேசிக்குச் சார்ஜ், இன்சுலின் வைக்கச் சின்னதொரு குளிர்சாதனப்பெட்டி. நாளொன்றுக்கு ஒன்றேகால் யுனிட் போதும். 3 கிலோவாட் தகடு இருண்ட நாளிலும் அதைத் தந்துவிடும், இரவுக்கு எடுத்துவைக்க ஒரு பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் இருந்தால். தம்பி 5 கிலோவாட் போட நினைத்திருந்தார். தகட்டைக் குறைத்து அந்தக் காசைப் பற்றரிக்கு ஒதுக்கச் சொன்னேன். பற்றரியை நிலத்தில் வையாமல், சுவரில் இடுப்புயரத்துக்கு மேலே பூட்டும்படியும்.