ஏபிஜி தாளில் ஒரு 32

தொண்டாமுத்தூரில் இருந்து வடவள்ளி வழியாகக் கோவை நகருக்குள் வர 15 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். காலை நெரிசலில் ஒரு பெரியவரை மருத்துவமனைக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் பிடித்ததாம். தக்காளியும் பாக்கும் போடும் விவசாயி. ரத்தத்தில் அமிலம் ஏறியதை ஐசியுவில் எப்படிக் கணிக்கிறார்கள் என்று பார்க்க, வீட்டார் சம்மதத்தோடு உள்ளே போனேன்.

"காய்ச்சல்ல சோறே இறங்கலீங்க. சாப்பிடாம ஊசி எதுக்குன்னு இன்சுலினையும் நிறுத்திட்டாருங்க" என்றார் மகன். ஆக்சிஜன் 97 இருக்கிறது, பயமில்லை என்று வெளியே யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். திரையிலும் 97தான். ஆனால் பெரியவரின் கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் இழுத்தன. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: நிமிடத்துக்கு 36. மூச்சில் அழுகிய பழ வாடை.

மணிக்கட்டுத் தமனியில் ஹெபாரின் தடவிய சிரிஞ்சால் ரத்தம் எடுத்தார் செவிலியர். காற்றுக் குமிழியைத் தள்ளிவிட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, கையோடு இயந்திரத்தில் வைத்தார். இரண்டே நிமிடத்தில் துண்டுத்தாள் வந்தது. தமனி ரத்த வாயுக்களைப் பார்க்கும் இந்த ஏபிஜி பரிசோதனைக்கு ரசீதில் 850 ரூபாய்.

பிஎச் 7.11; அது 7.35க்குக் கீழே போனாலே ரத்தத்தில் அமிலம் மிஞ்சிவிட்டது என்று பொருள். பைகார்பனேட் 22 இருக்க வேண்டிய இடத்தில் 10. சோடியம் 138இல் இருந்து குளோரைடு 98ஐயும் அந்த 10ஐயும் கழித்தார் மருத்துவர். மிச்சம் 30. வழக்கமாக 12க்குள் நிற்க வேண்டிய இடைவெளி இது. கணக்கில் வராத அமிலம் உள்ளே இருக்கிறது; இன்சுலின் நின்றதால் சேரும் கீட்டோன் அமிலம்தான் அது என்று பரிசோதனையும் காட்டியது.

கார்பன் டை ஆக்சைடு 32. இயல்பு அளவு 35 முதல் 45 என்பதால், நுரையீரல் நன்றாகவே வெளியேற்றுகிறது என்று நான் நினைத்தேன். மருத்துவர் தாளின் ஓரத்தில் பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டினார். 23 வந்தது. இவ்வளவு அமிலத்துக்கு 23 வரை இறங்கியிருக்க வேண்டும். 32இல் நிற்கிறது என்றால் நெஞ்சு களைத்துவிட்டது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்துக் கிடந்தது, நிமோனியா.

இந்த இயந்திரங்கள் பரவியதற்குப் பின்னாலும் இப்படி ஒரு தடுமாற்றம் உண்டு. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ நோயாளிகளின் ரத்தத்தில் பைகார்பனேட் ஏறியிருந்ததைக் காரம் கூடியதாக எடுத்துக்கொண்டார்கள். மூச்சு போதாமல் கார்பன் டை ஆக்சைடு தேங்கியதன் விளைவு அது என்று கண்டவர் மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன். கையாலேயே காற்றடித்து நோயாளிகளைக் காத்தார்கள். இன்றைய ஐசியுக்கள் அங்கிருந்து வளர்ந்தவை.

பெரியவருக்குக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தார்கள். வழக்கமான 14 மூச்சில் விட்டால் அமிலம் இன்னும் ஏறும் என்று மருத்துவர் 28 வைத்தார். சலைன், ஆன்டிபயாடிக், பொட்டாசியம் பார்த்துக்கொண்டே இன்சுலின்.

நான்கு மணி நேரம் கழித்து அடுத்த தாள்: பிஎச் 7.28, பைகார்பனேட் 12, கார்பன் டை ஆக்சைடு 26. ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டிப் பார்த்தேன், சரியாக 26. மருத்துவரின் பேனா குளோரைடில் நின்றது: 106. சலைனில் குளோரைடு அதிகம். அதுவும் பைகார்பனேட்டை இறக்கும் என்று அடுத்த பாட்டிலை மாற்றச் சொன்னார்.